டிராக்டர் போன பிறகு

சிரம்பான் நகரை விட்டுக் கோலப்பிலா சாலையில் கிழக்கே போனால், பாரோய்க்கு முன்னால் வருவது அம்பாங்கான். மலாயில் ‘அம்பாங்’ என்றால் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது. இப்போது அங்கே தடுபட்டு நிற்பது தண்ணீர் அல்ல; மாலை ஆறு மணிக்கு வேலை விட்டு வரும் கார்கள். கடை வரிசை, பெட்ரோல் நிலையம், ரொட்டி சானாய்க் கடை, உள்ளே திரும்பினால் ஒன்றின் பின் ஒன்றாகத் தாமான்கள். இந்த ஊரைப் பார்க்க யாரும் சுற்றுலா வருவதில்லை. கோலப்பிலாவுக்கோ உலு பெண்டுல் ஆற்றுக்கோ போகிறவர்கள் வழியில் இறங்கித் தே தாரிக் குடித்துவிட்டுப் போகும் இடம் இது.

எங்கள் குடும்பம் இங்கே வந்தது 1990களின் நடுவில். அதற்கு முன்பு தோட்டம். பெரட்டுக்களம், பால் கொட்டகை, இரண்டு வரிசை லயம், நடுவில் மாரியம்மன் கோயில். தோட்டம் கைமாறி, பால்மரம் சாய்ந்து, வீடுகள் எழும்பியபோது ஆட்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். கோயில் மட்டும் ஒரு தாமானின் ஓரத்தில், சாக்கடைக்கும் மின்மாற்றிக் கூண்டுக்கும் இடையில், கொஞ்சம் நிலம் பெற்று மறுபடி எழும்பியது. நெகிரி செம்பிலானில் இப்படி இடம் மாறிய தோட்டத்துக் கோயில்கள் பல உண்டு. உங்களில் பலருக்கும் அப்படி ஒன்று இருக்கும். வருடத்தில் ஒரு நாள், ஆடித் திருவிழாவுக்கு, ஜொகூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் பழைய லயத்து முகங்கள் அங்கே கூடும். அன்று இரவு ரதம் புறப்படும்.

ரதம் என்றதும் பினாங்கு செட்டியார்களின் வெள்ளி ரதத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது 1894இல் கடல் கடந்து வந்தது. இன்றும் தைப்பூசத்துக்கு மாடுகள் இழுக்கின்றன. எங்களுடையது தோட்டத்துத் தச்சர் செய்த மரக்கூடு. அதன் அடியில் இருப்பது தோட்டத்தின் பழைய இழுவை ட்ரெய்லர்: ஒரே அச்சு, இரண்டு சக்கரம், முன்னால் நீளும் இரும்புக் கை. முப்பது வருடத்துக்கு மேல் அதை இழுத்தது சிவப்பு நிற மெஸ்ஸி பெர்குசன் டிராக்டர். ஓட்டியது என் அப்பா. தோட்டம் போன பிறகும் அந்த டிராக்டரை வாங்கி வைத்திருந்த ஒருவர் திருவிழா அன்று மட்டும் கொடுத்து உதவினார். அவர் காலமானதும் பிள்ளைகள் அதை இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

அந்த வருடம் வாடகை லோரி வைத்து இழுத்தார்கள். ஓட்டுநர் கிளட்சை விட்ட வேகத்தில் ரதம் ஒரு வெட்டு வெட்டியது. குத்துவிளக்கு சாய்ந்தது. பின்படியில் நின்ற பாட்டி ஒருவர் சாலையில் விழுந்து கையை ஊன்றிக்கொண்டார். மணிக்கட்டில் விரிசல். நல்லவேளை, அதோடு போனது.

அடுத்த தை மாதம் கமிட்டி கூடியது. இனி ரதத்தைக் கொட்டகையிலேயே நிறுத்திப் பூஜை செய்துவிடலாம் என்றார்கள் சிலர். தோட்டத்தில் மிஞ்சியது இந்த ஒன்றுதான், அதையும் நிறுத்துவதா என்றார்கள் மற்றவர்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான்தான் வாயைக் கொடுத்தேன்: “என் ஃபார்ச்சூனர் இருக்கு. ஒரு டோ பார் மாட்டிட்டா இழுத்திடலாம்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். அப்பா மட்டும் கேட்டார்: “ரதம் எத்தனை கிலோ தம்பி?”

முப்பது வருடம் இழுத்த அவருக்கும் அது தெரியாது. டிராக்டருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இருந்ததில்லை. காருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ரதத்தை லோரியில் ஏற்றி, செம்பனைக் குலை நிறுக்கும் எடைமேடைக்குக் கொண்டுபோனோம். ஜெனரேட்டரும் மேலே இருந்தது. உற்சவருக்குப் பதிலாக அரிசி மூட்டை, பூசாரிக்கும் விளக்கு பிடிக்கிற பையனுக்கும் பதிலாக நாங்கள் இரண்டு பேர். லோரியின் எடையைக் கழித்தபோது வந்தது 1,460 கிலோ. எடைமேடைப் பையன் என்ன ஏற்றி வந்திருக்கிறோம் என்று எட்டிப் பார்த்துவிட்டுக் கும்பிட்டுக்கொண்டான்.

அன்று இரவுதான் முதல் முறையாக வண்டியின் கையேட்டில் இழுவை பற்றிய பக்கத்தைப் படித்தேன். நீங்கள் எந்த வண்டி வைத்திருந்தாலும், படகோ கூடார ட்ரெய்லரோ இழுக்கும் ஆசை இருந்தால், கடைக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். அதில் இரண்டு எண்கள் தனித்தனியாக இருக்கும். பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு ஒன்று, பிரேக் இல்லாததற்கு ஒன்று. பலரும் பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பல நாடுகளில் பிரேக் இல்லாத ட்ரெய்லருக்கு வழக்கமான எல்லை 750 கிலோதான். எங்கள் ரதம் அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதில் பிரேக் என்று ஒன்று இருந்ததே இல்லை. கோயில் வாசலிலிருந்து தாமானின் முதல் சந்திப்பு வரை இருநூறு மீட்டர் இறக்கம். அதில் என் கார் நின்றாலும் ரதம் நிற்காது. காரைத் தள்ளிக்கொண்டு போகும். முன்னால் நாதஸ்வரமும் தீச்சட்டிப் பெண்களும்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் வேறொரு இறக்கத்தைச் சொன்னார். எனக்கு நாலு வயதில் நடந்ததாம். டிராக்டரையும் பால் ட்ரெய்லரையும் இணைக்கும் பின் மேலே குதித்து வராதபடி கீழே ஒரு கிளிப் மாட்டுவார்கள். யாரோ அந்தக் கிளிப் தொலைந்ததற்கு ஒரு ஆணியை வளைத்து மாட்டியிருக்கிறார்கள். மேட்டில் ஏறும்போது ஆணி நிமிர்ந்து, பின் துள்ளி, ட்ரெய்லர் பின்னோக்கி உருண்டது. பின்னால் நடந்து வந்த அவருடைய கூட்டாளியின் வலது பாதம் போயிற்று. “ஆணி மாட்டினது யாருன்னு கடைசிவரை தெரியல. நான் ஏறும்போது குனிஞ்சு பார்த்திருக்கணும்” என்றார். அந்த நாளிலிருந்து கிளிப்பைத் தன் சட்டைப்பையில்தான் வைத்திருந்தாராம். சின்ன வயதில் அவர் சட்டையைத் துவைக்கும்போது அம்மா முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வெளியே வைக்கும் இரும்பு வளையம் அதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முதலில் போன பட்டறை பெரியது, பெயர் வேண்டாம். “போலே, போலே, அரை நாள் வேலை” என்றார் தவுக்கே. பின் பம்பருக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை வெல்டிங் வைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். நானூறு வெள்ளி. எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்டதற்குக் குழாயை உதைத்துக் காட்டினார். மலிவாக இருந்ததால் எனக்குச் சபலம். அப்பா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு, “வா போகலாம்” என்று கிளம்பிவிட்டார்.

வண்டியின் அடிச்சட்டம் கணக்குப் போட்டுச் செய்த இரும்பு. அதில் கண்டபடி சூடு வைத்தால் சூடு பட்ட இடத்தின் உறுதி மாறும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ் போன்றவற்றுக்கு ஏணிபோல் தனிச் சட்டம் உண்டு. டோ பார் அதன் இரண்டு நீளத் தண்டுகளையும் போல்ட்டால் பிடித்து நிற்க வேண்டும். தனிச் சட்டம் இல்லாத, உடலே சட்டமாக இருக்கும் கார் வகை எஸ்யூவிகளில் விஷயம் இன்னும் நுட்பமானது. அந்த மாடலுக்கென்றே வடிவமைத்த டோ பார் இல்லாவிட்டால் இழுவையை மறந்துவிடுவதே மேல். பம்பரில் மட்டும் மாட்டுவது சைக்கிள் கூடைக்குக்கூட ஆகாது.

இரண்டாவது இடம் சின்னப் பட்டறை. எங்கள் மாடலுக்கான டோ பாரை வரவழைத்தார்கள். அதில் எடை எல்லை பொறித்த தகடு ஒட்டியிருந்தது. சட்டத்தில் ஏற்கெனவே இருந்த துளைகளில் போல்ட் போட்டு, முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனரால் இறுக்கினார்கள். பம்பரின் அடியில் ஒரு கையகலம் வெட்ட வேண்டியிருந்தது. அந்தச் சத்தம் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்க் கடையில் போய் உட்கார்ந்துகொண்டேன். முதல் இழுவைக்குப் பிறகு மறுபடி வந்து போல்ட்டை இறுக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள். பொருளை வாங்கும் முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவிலும் காப்புறுதிக் கம்பெனியிலும் கேட்டு எழுதி வாங்கியிருந்தேன். வண்டியின் அமைப்பில் கை வைக்கும் எதையும் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

அடுத்தது கொக்கியின் முனை. டிராக்டர் பழக்கத்தில் எல்லோரும் பின்னும் வளையமும் போதும் என்றார்கள். பின்னுக்கும் வளையத்துக்கும் இடையில் இருக்கும் தளர்ச்சிதான் லோரி இழுத்த அன்று ரதத்தை வெட்டியது. அப்பா அந்தத் தளர்ச்சியை அரை கிளட்சில் மெல்ல எடுத்து ஏமாற்றுவாராம். அது கைப்பழக்கம், எனக்கு வராது. உருண்டைத் தலையும் அதைக் கவ்வும் கிண்ணமும் என்றால் தளர்ச்சி இல்லை. ஆனால் உருண்டையின் அளவைப் பார்த்து வாங்க வேண்டும். கடைகளில் 50 மில்லிமீட்டரும் கிடைக்கிறது, 2 அங்குலமும் கிடைக்கிறது. 2 அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். 50 மில்லிமீட்டர் உருண்டையில் 2 அங்குலக் கிண்ணத்தை மாட்டினால் மாட்டியது போலவே இருக்கும், ஆட்டமும் இருக்கும். உருண்டையின் தலையிலோ கழுத்திலோ அளவு பொறித்திருக்கும். குனிந்து படியுங்கள்.

பிரேக்குக்குப் படகு ட்ரெய்லர் செய்யும் ஒருவரைப் போர்ட்டிக்சன் பக்கம் பிடித்தோம். அவர் சொன்ன ஏற்பாடு எளிமையானது. கார் வேகம் குறையும்போது பின்னால் வருவது முன்னோக்கித் தள்ளுமல்லவா? அந்தத் தள்ளலே இணைப்புக் கையை உள்ளே அழுத்தி, கம்பி வழியாக ட்ரெய்லரின் சக்கர பிரேக்கைப் பிடிக்கும். கூடவே ஒரு கைபிரேக். இணைப்பு தப்பித் தவறி விட்டுப்போனால் காரோடு கட்டிய மெல்லிய கம்பி அந்தக் கைபிரேக்கை இழுத்துவிட்டுத்தான் அறும். இதற்கு மேல் இரண்டு சங்கிலிகள். அவற்றை நேராக மாட்டாமல் கைக்கு அடியில் குறுக்காக மாட்ட வேண்டும். கிண்ணம் நழுவினாலும் இரும்புக் கை தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் தொட்டில்போல் விழும்.

செலவுக் கணக்கைக் கமிட்டியில் வைத்தபோது சத்தம் கூடிவிட்டது. நாங்கள் நினைத்ததைப் போல நாலு மடங்கு. இந்தப் பணத்துக்கு அம்மனுக்கு வெள்ளிக் கவசம் செய்யலாமே என்றார் ஒருவர். “இத்தனை வருஷம் அம்மா பார்த்துக்கலையா?” என்றார் இன்னொருவர். அப்பா அன்றுதான் கூட்டத்தில் எழுந்து பேசினார். “அம்மா பார்த்துக்குவா. பின் மாட்டியிருக்கான்னு நாமதான் குனிஞ்சு பார்க்கணும்.” பாதம் போன கூட்டாளியின் மகன் அந்த அறையில் இருந்தார். முதலில் கையெழுத்துப் போட்டவர் அவர்.

இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். பிரேக் போடுவது சம்பிரதாயத்துக்கு விரோதம் என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்திருக்கிறது. அதற்கு முன்பும் இப்போதும் அந்தத் தேரை வளைப்பதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் ஆட்களின் கை. தியாகராஜருக்குப் பொருந்துவது நம் ஊர் மாரியம்மனுக்குப் பொருந்தாதா?

முட்டுக்கட்டை எங்களுக்கும் வேண்டும் என்றார் அப்பா. செங்கால் மரத்தில்தான் வேண்டும் என்றார். ஒரு ஞாயிறு காலை இரண்டு பேரும் கோலப்பிலா பக்கத்து மர ஆலைக்குக் கிளம்பினோம். பாரோய் தாண்டியதும் மலை ஏற்றம். புக்கிட் பூத்துஸின் பழைய சாலை பாம்புபோல் நெளிந்து ஏறும். புதிய சாலை நேராகக் குறுக்கே போகிறது. அப்பாவுக்காகப் பழைய வழியில் போனேன். இரண்டு பக்கமும் காடு, கண்ணாடியை இறக்கினால் ஈரக்காற்று. மலை இறங்கியதும் உலு பெண்டுலில் பிள்ளைகள் ஆற்றில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்தும் புக்கிட் பூத்துஸிலிருந்தும் அங்சி மலைக்கு ஏறிப்போகும் பாதைகள் உண்டு. அதற்கப்பால் தெராச்சி, வயல்கள், மினாங்கபாவ் கூரை வளைவுகள்.

கட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் ஸ்ரீ மெனாந்திக்குள் திரும்பினோம். 1908இல் கட்டி முடித்த பழைய அரண்மனை அங்கே நிற்கிறது. 99 தூண்கள், முழுக்க மரம், ஓர் இரும்பு ஆணிகூட இல்லை. எல்லாம் மரப் பொருத்தும் ஆப்பும். அப்பா வெளியே நின்று தூண்களை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். மரவேலையைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். “இதை இழுக்க வேண்டியதில்ல, அதான் நிக்குது” என்றார்.

பிரேக் மாட்டி வந்த ரதத்தின் மூக்கு எடையைக் கட்டிப்பால் நிறுக்கும் மேடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். இணைப்புக் கை உருண்டையின் மேல் எத்தனை கிலோ அழுத்துகிறது என்பது அது. இதற்கும் கையேட்டில் ஓர் எல்லை உண்டு. எங்களுக்கு வந்தது 165, மிக அதிகம். காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரத்தின் பிடி குறையும். உற்சவர் பீடம் வெகு முன்னால் இருந்ததுதான் காரணம். பீடத்தை ஒரு சாண் பின்னால் தள்ளி, 110 கிலோ ஜெனரேட்டரை முன்பக்கத்திலிருந்து இறக்கித் தனி வேனில் ஏற்றியதும் 90 ஆயிற்று. இன்னும் குறைக்கலாமே என்றான் என் தம்பி. கூடாது. மூக்கு எடை குறைந்தால் பின்பக்கம் கனக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் அப்படிப்பட்ட ட்ரெய்லர் வால்போல் ஆடி வண்டியையே புரட்டிவிடும். எங்கள் நடை வேகத்தில் ஆபத்து வேறு விதம்: பின்படியில் நாலு பேர் ஒரே நேரத்தில் தட்டு நீட்ட ஏறினால் மூக்கு மேலே தூக்கும். ஆகவே பின்படியைக் கழற்றினோம். பாட்டி விழுந்ததும் அந்தப் படியில்தான்.

2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் சப்பரம் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்ததைப் படித்திருப்பீர்கள். அந்த நினைவில், ரதத்தின் உயரத்துக்கு மூங்கில் வெட்டி, தெருத் தெருவாக நடந்து கம்பிகளைப் பார்த்தோம். ஒரு முனையில் தொங்கிய கம்பி மூங்கிலைவிடத் தாழ்வு. அந்தத் தெருவைப் பாதையிலிருந்து எடுத்தோம். அங்கே குடியிருக்கும் இரண்டு வீட்டார் இன்றும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

திருவிழா இரவு எட்டு மணிக்கு ரதம் புறப்பட்டது. மாட்டியது நான்தான். கிண்ணத்தை அமர்த்தி, தாழ்ப்பாளைப் பூட்டி, சங்கிலியைக் குறுக்காக மாட்டி, விளக்கு வயரைச் செருகினேன். அப்பா டார்ச்சோடு குனிந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். பிறகு கைபிரேக் போட்டிருந்த ரதத்தை, கிண்ணம் கவ்வியிருக்கிறதா என்று, காரால் ஓர் அங்குலம் இழுக்கச் சொன்னார். இழுத்தேன். கைபிரேக்கை எடுத்துவிட்டார்.

தானியங்கிக் கியரை ஒன்றில் பூட்டிக்கொண்டு நடை வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுவது லேசு இல்லை. கியர் எண்ணெய் சூடேறும் என்பதால் அதை முன்கூட்டியே மாற்றி, ஒவ்வொரு உபயக்காரர் வீட்டு வாசலிலும் நிறுத்தி நிறுத்திப் போனேன். இறக்கத்தில் கால் பிரேக்கின் மேலேயே இருந்தது. பின்னாலிருந்து ஒரு மெல்லிய அழுத்தம் வந்தது, ரதத்தின் பிரேக் பிடித்தது, அழுத்தம் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன்: இடது சக்கரத்துக்கு ஒருவர், வலது சக்கரத்துக்கு அப்பா, கையில் செங்கால் கட்டையோடு நடந்து வந்தார்கள். எழுபத்திரண்டு வயதில் மூன்று மைல். ஏறி உட்காருங்கள் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. கை கட்டோடு போன வருடம் நின்ற பாட்டி இந்த முறை தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரதம் வந்ததும் எழுந்து நின்றார். விளக்கு அசையவில்லை.

நள்ளிரவுக்குப் பிறகு கோயிலுக்குத் திரும்பினோம். ரதத்தைப் பின்னோக்கிக் கொட்டகைக்குள் விட வேண்டும். யூடியூபில் பார்த்து ஒரு மாதம் மனப்பாடம் செய்தது எதுவும் ஸ்டீயரிங்குக்கு எட்டவில்லை. நான் இடது பக்கம் திருப்ப ரதம் வலது பக்கம் போகிறது. போதாததற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று வண்டியின் சென்சார் ஓயாமல் கத்துகிறது. பின்னால் இருப்பது மாரியம்மன் என்று அதற்கு யார் சொல்வது? மூன்றாவது முறையும் கொட்டகைத் தூணை நோக்கிப் போனதும் அப்பா காரின் கூரையைத் தட்டினார்.

“கழட்டு தம்பி. பசங்க தள்ளிக்குவாங்க.”

பத்து பேர் தள்ளினார்கள். அப்பா சக்கரத்தடியில் கட்டையைப் போட்டுவிட்டு, டோ பாரின் பின்னையும் கிளிப்பையும் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.